சுகமானதாகச் சபையில் வாசிக்கப்பட்டவள்

ஆண்டவருக்குள் பிரியமானவர்களே, என் பெயர் ஷீலா. மயிலாடிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பல வருடம் நர்சாக இருந்தேன். சாட்சி என்றால், “படுத்த படுக்கையாகக் கிடந்தேன், இன்று ஓடுகிறேன்” என்று முடிய வேண்டும் என எதிர்பார்ப்பீர்கள். நான் ஓடவில்லை. நடக்கிறேன். அதுவும் சில நாள் ஒழுங்காக, சில நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு. இப்படிப்பட்டவள் சாட்சி சொல்லலாமா என்று எனக்கே சந்தேகம் இருந்தது. எங்கள் போதகர்தான், “உள்ளதை உள்ளபடி சொல்லும்மா, அது போதும்” என்றார். அதனால் சொல்கிறேன். கையால் எழுதவில்லை. நான் பேசப் பேச போன் எழுத்தாக்கித் தருகிறது. அது பண்ணுகிற கூத்தையெல்லாம் என் வீட்டுக்காரர் உட்கார்ந்து திருத்துகிறார்.

கொரோனா வார்டு வேலை ஓய்ந்த அடுத்த வருடம், ஆடிக் காற்று வீசுகிற சமயத்தில் இது ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் எழுந்தபோது இரண்டு கை விரல்களும் மடங்கவில்லை. நைட் டியூட்டி அசதி என்று நினைத்து வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. மறுநாள் சரியாக அதிக நேரம் ஆனது. பிறகு மணிக்கட்டு, முழங்கால், காலடி என்று ஒவ்வொன்றாக வீங்கியது. ஆஸ்பத்திரியில் ட்ரிப் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியாமல் கூட வேலை செய்கிற பிள்ளைகளைக் கூப்பிட வேண்டி வந்தது.

இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் டாக்டர் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. முடக்குவாதம். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே நம் மூட்டுகளைத் தின்கிற நோய். வயதானவர்களுக்கு வருகிற மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது. “கொஞ்சம் நல்லெண்ணெய் தேய்ச்சுக் குளி, செரியாயிரும்” என்று சொல்லாத ஆள் எங்கள் தெருவில் இல்லை.

என் வீட்டுக்காரர் பெயர் வில்சன். கல் பட்டறையில் மெருகு போடுகிற மிஷினில் வேலை. நல்ல மனுஷன். விசுவாசம் அதிகம், பொறுமை குறைவு. எனக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து தினமும் பட்டறைக்குப் போகுமுன் முழங்காலில் நின்று ஜெபித்தார். அந்தச் சமயத்தில் டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடுகிற மாத்திரையோடு, ஆரம்பத்துக்கு மட்டும் ஸ்டீராய்டும் கொடுத்திருந்தார். ஸ்டீராய்டின் வேலை நர்சுகளுக்குத் தெரியும். ஓரிரு நாளிலேயே நான் துள்ளி எழுந்தேன். வீட்டைக் கூட்டினேன், தேங்காய் துருவினேன். அதைப் பார்த்து அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஏட்டி, சொகம் ஆயிட்டு கேட்டியா!” என்றார்.

“இது மாத்திரைக்க வேலையாக்கும். கொறச்சா திரும்ப வரும்” என்றேன்.

“படிச்சவியளுக்கு எல்லாம் மாத்திரைதான்” என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களைப் படைப்பார்கள். கவர் மேல் என்ன காரணத்துக்காக நன்றி என்று எழுதியிருக்கும். போதகர் ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பார். மகன் பரீட்சையில் தேறியது, துபாய்க்கு விசா வந்தது, பசு கன்று போட்டது, எல்லாம் வாசிப்பார். அந்த மாதம் போதகர் வாசித்ததைக் கேட்டு நான் உட்கார்ந்த இடத்திலேயே கல்லாகிவிட்டேன். “முடக்குவாத வியாதியிலிருந்து என் மனைவி ஷீலாவுக்குப் பூரண சுகம் தந்ததற்காக, வில்சன்.”

பெண்கள் பக்கம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். மாத்திரை சாப்பிட்டும் விரல் வீக்கம் முழுதாக வற்றியிருக்கவில்லை, வலியில் உயிர் போனது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

டாக்டர் ஸ்டீராய்டைக் குறைத்தார். நான் சொன்னபடியே எல்லாம் திரும்பி வந்தது. ஆனால் வாசித்ததை யார் திரும்ப வாங்குவது? சபையில் ஒரு தடவை சுகமானவள் மறுபடி நோயாளி ஆவதற்கு வழியே கிடையாது. வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம், “பாருங்க, ஆண்டவர் எப்படி வெச்சிருக்காரு!” என்றார்கள். அசன விருந்துக்கு வெங்காயம் உரிக்க என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்தேன். ஒரு வெங்காயம் உரிக்குமுன் கண்ணில் தண்ணீர். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தலைவலி என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடுகிற மாத்திரை எனக்குச் சனிக்கிழமை. ஞாயிறு முழுவதும் குமட்டலும் வாந்தியும். மாத்திரை அட்டையைத் தேயிலை டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஒரு நர்சு தன் வீட்டில் தன் மாத்திரையை ஒளித்து வைக்கிறாள்! யாராவது ஜெபிக்க வந்தால், அவர்கள் போகிறவரை அடுக்களைப் பக்கம் யாரும் போய்விடக் கூடாதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். பிறகு கோவிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

கொஞ்ச நாளில் கல்லீரல் பரிசோதனையில் கோளாறு தெரிந்தது. டாக்டர் அந்த மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார். வேறு ஒன்று கொடுத்தார், அது கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்குகிற நாட்கள். தெருவெல்லாம் நட்சத்திரம் கட்டியிருந்தார்கள். நான் கட்டிலில் கிடந்தேன். வேலையை அதற்கு முன்பே விட்டாயிற்று. ஒரே மகள் கல்யாணமாகி பெங்களூரில், கைக்குழந்தைக்காரி. அவளை வரச் சொல்ல மனசு வரவில்லை.

காலை நேரம்தான் நரகம். இரவு முழுவதும் அசையாமல் கிடந்த மூட்டுகள் காலையில் சிமெண்ட் போட்டு இறுகின மாதிரி இருக்கும். புரண்டு படுக்க முடியாது. போர்வையை விலக்க முடியாது. வீட்டுக்காரர்தான் தூக்கி உட்கார்த்தி, பைய நடத்திக் குளியலறைக்குக் கொண்டு போவார். பல் தேய்த்து விடுவார். கழுவி விடுவார். குளிப்பாட்டுவார். நைட்டி மாட்டி விடுவார். பிறகுதான் பட்டறைக்குப் போவார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

எத்தனையோ நோயாளிகளைக் குளிப்பாட்டினவள் நான். “கூச்சப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்லா” என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாமார் ஏன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள் என்று அந்த நாட்களில்தான் எனக்குப் புரிந்தது. நானும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பேன்.

அப்போது என் ஜெபம் மாறிவிட்டது. சுகம் கேட்பதை விட்டுவிட்டேன். கேட்க வெட்கமாக இருந்தது. “ஆண்டவரே, காலையில் என் காரியத்தை நானே பார்த்துக்கொள்ள விடும். என்னை நானே கழுவிக்கொள்ள விடும். வேறொன்றும் வேண்டாம். அதுவும் முடியாது என்றால் என்னை எடுத்துக்கொள்ளும்.” இதுதான் என் ஜெபம். தினமும் இதுதான். பதில் ஒன்றும் வரவில்லை. வெளியே பட்டறைகளில் கல் அறுக்கிற சத்தம் ஆரம்பிக்கும். ஊர் முழுவதும் வேலைக்குப் போய்விட்டது, நான் மட்டும் கிடக்கிறேன் என்று அழுகை வரும். கண்ணைத் துடைக்கவும் கை வராது.

பொங்கலுக்குப் பிறகு டாக்டரிடம் கொண்டு போனார்கள். நாகர்கோவிலில் முதலிலிருந்தே என்னைப் பார்த்து வந்த டாக்டரம்மா பொறுமையாகப் பேசுகிறவர். என் விரல்களைப் பார்த்தார். எக்ஸ்ரேயைப் பார்த்தார்.

“ஷீலா, இனி தள்ளிப் போட்டா விரல் கோணிப் போயிடும். அப்புறம் எந்த மருந்தும் நிமிர்த்தாது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போடுற ஊசி இருக்கு. உங்களுக்குப் புது மருந்துதான். எல்லாருக்கும் கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்” என்றார்.

அதற்கு முன் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். எதிர்ப்பு சக்தியை அடக்குகிற ஊசி என்பதால், உடம்பில் கிருமி எங்காவது உறங்கிக்கொண்டிருந்தால் அது விழித்துவிடும். எனக்கு உறங்கிக்கொண்டிருந்தது. வார்டில் எத்தனை பேருக்குப் பக்கத்தில் நின்றிருப்பேன்! முதலில் அதற்கு மாத்திரை, கல்லீரலைப் பார்த்துப் பார்த்து. பிறகுதான் ஊசி. வெளியே வந்து காரில் ஏறும்போது, “எனக்க விதியப் பாத்தியளா” என்று மட்டும் சொன்னேன். செலவு எப்படி நடந்தது என்பதை இங்கே எழுதவில்லை. நடந்தது.

காசநோய் மாத்திரை சாப்பிடுகிற அந்த நாட்களில் பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஜெபிக்க வந்தார்கள். நான் கோவிலுக்கு வரவில்லை என்றுதான் வந்தார்கள். கட்டிலில் என் கோலத்தைப் பார்த்ததும் சுருக்கமாக ஜெபித்து முடித்தார்கள். அவர்களுக்குத் தலைவி லில்லி அக்கா. என் மேல் மிகவும் பாசம் உள்ளவர். எல்லோரும் போன பிறகும் அவர் இருந்தார். ஊசி போடப் போகிறார்கள் என்று சொன்னேன்.

“மக்கா, தப்பா நெனைக்காத. ஒனக்கு சொகம் கெடச்சாச்சுன்னு சபைல வாசிச்சாச்சு. இனி ஊசி போடப் போனா, சின்னப் பிள்ளையளுக்கு தெய்வத்தப் பத்தி என்ன தோணும்? இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாரு. நாங்க உபவாசம் இருக்கோம்” என்றார்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்காகச் சாப்பிடாமல் இருக்கத் தயாராக இருந்த அக்கா அவர். ஆனாலும் அந்த வார்த்தை என்னை முடித்துவிட்டது. என்னால் ஆண்டவருடைய பெயர் கெடுகிறதே என்று நினைத்தேன். ஊசி போட்டாலும் கேட்குமா என்று தெரியாது. கேட்காவிட்டால் இரண்டாவது தடவையும் அவமானம். அன்று வீட்டுக்காரர் வந்ததும் ஊசி வேண்டாம் என்றேன்.

“என்னத்துக்கு?” என்றார்.

“நீங்க ஒரு தடவ என்னைய சொகமாக்கினியள்லா, அது போதும். இனி இப்பிடியே கெடந்து சாவுகேன்.”

இவ்வளவு காலம் அந்தக் கவரைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் அன்று சோற்றைத் தொடவில்லை. அந்த வாரம் முழுவதும் எனக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார், பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னைக் குளிப்பாட்டிக் கட்டிலில் உட்கார்த்திவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சீக்கிரமே கிளம்பிப் போனார்.

அன்று கோவிலில் நடந்ததை லில்லி அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜெப விண்ணப்பம் வாசிக்கிற நேரத்தில் போதகர் ஒரு தாளை எடுத்து, வாசிக்க ஆரம்பித்து, நிறுத்தி, என் வீட்டுக்காரர் இருந்த பக்கம் பார்த்தாராம். அவர் எழுந்து நின்று, “வாசிங்க ஐயா” என்றாராம். போதகர் வாசித்தார். “என் மனைவி ஷீலாவுக்குச் சுகம் ஆகவில்லை. ஆகிவிட்டது என்று நான் எழுதியது என் அவசரம். அதில் அவளுக்குப் பங்கு இல்லை. அவள் மிகவும் கஷ்டப்படுகிறாள். புது மருந்து போடப் போகிறாள். சபை ஜெபிக்க வேண்டும்.”

கொடுத்த ஸ்தோத்திரத்தைத் திரும்ப வாங்கின ஆளை எங்கள் சபை அதுவரை பார்த்ததில்லை. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. போதகர் பீடத்தை விட்டு இறங்கி வந்து, என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டாராம். அதைப் பார்த்து ஒவ்வொருவராக எல்லோரும் போட்டார்களாம்.

ஆராதனை முடிந்ததும் லில்லி அக்கா நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

“மக்கா, நானும் பிரஷருக்கு மாத்திர தின்னுகேன். ஆருக்கும் சொன்னதில்ல. ஒனக்கு மட்டும் புத்தி சொல்ல வந்தனே!”

நான் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று. கட்டிப்பிடிக்கக் கை தூக்க முடியவில்லை. “அக்கா, நீங்களே இஞ்ச கிட்ட வாங்க” என்றேன். இரண்டு பேரும் அழுதோம். ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு மூச்சு விட முடிந்தது. ஊசி போட்டுக்கொள்கிறேன் என்று அன்றைக்குச் சொன்னேன்.

முதல் ஊசி ஆஸ்பத்திரியில் போட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டிலேயே போடலாம். ஆயிரக்கணக்கான பேருக்கு ஊசி போட்ட எனக்கு, எனக்கே போட விரலில் பலம் இல்லை. தொடைச் சதையைக் கிள்ளிப் பிடிக்கவும் முடியாது, மருந்தை அழுத்தவும் முடியாது. கோட்டாறில் இருந்து சபீனா வந்தாள். என்னோடு ஒரே வார்டில் வேலை பார்த்தவள். வீட்டுக்காரருக்குச் சொல்லிக் கொடுக்க வந்தாள். பெரிய பெரிய கல்லைப் புரட்டுகிற மனுஷனுக்கு அந்தச் சின்ன ஊசியைக் கண்டதும் கை கிடுகிடு என்று ஆடியது. வேர்த்துக் கொட்டியது. “ஜெபிச்சிட்டுப் போடுகேன்” என்று சொல்லிக் கண்ணை மூடினார். ஜெபம் நீண்டுகொண்டே போனது.

“அண்ணே, எத்தன நேரம் வேணும்னாலும் துவா பண்ணுங்க. போடும்போ மட்டும் கண்ணத் தொறந்து போடுங்க” என்றாள் சபீனா.

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பிலேயே ஊசி இறங்கிவிட்டது.

இதோடு எல்லாம் நன்றாக ஆகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. இரண்டாவது ஊசி, மூன்றாவது ஊசி, ஒரு மாற்றமும் இல்லை. நடுவில் சளியும் காய்ச்சலும் வந்து ஒரு ஊசியைத் தள்ளி வைத்தார்கள். காய்ச்சலில் மூட்டெல்லாம் நெருப்பாக எரிந்தது. சபை ஜெபித்தது, மகள் போனில் ஜெபித்தாள், சபீனாவும் தொழுகையில் என்னை நினைப்பதாகச் சொன்னாள். எனக்கு மட்டும் ஜெபம் வரவில்லை. நம்பிக்கையோடு காத்திருந்தேன் என்று சொன்னால் அது பொய். வீட்டுக்காரருக்காக ஊசி போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். எல்லோரும் இவ்வளவு பாடுபட்டும் கேட்கவில்லை என்றால், இனி என்னைத் தூக்கிக் குளிப்பாட்டித்தான் ஒரு நாள் பெட்டியில் வைப்பார்கள் என்று கிடந்தேன்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரம். விடிந்துகொண்டிருந்தது. அவசரமாகச் சிறுநீர் முட்டியது. எழுந்து போனேன். முகத்தில் தண்ணீர் அடித்தேன். பல் தேய்த்தேன். வெந்நீர் வேண்டாம், பச்சைத் தண்ணீர் போதும் என்று வாளியில் குழாயைத் திறந்துவிட்டு, தலைக்கு ஊற்றும்போதுதான் தெரிந்தது. நான் தனியாக நிற்கிறேன். கப்பை என் கை பிடித்திருக்கிறது. கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன்.

எப்போது போட்டேன் என்று எனக்கே தெரியாது. பழைய பழக்கத்தில் கை தானாகப் போட்டிருக்கிறது. கப்போடு அப்படியே நின்றேன். அசைந்தால் போய்விடுமோ என்று பயம். அதற்குள் வெளியே வீட்டுக்காரர் எழுந்து, காலியான கட்டிலைப் பார்த்துவிட்டு ஓடிவந்து கதவை அடிக்கிறார்.

“ஷீலா! ஏட்டி ஷீலா! விழுந்திட்டியா? கதவத் தொற!”

“பொறுங்க. நான் குளிக்கேன்” என்றேன்.

சத்தம் நின்றது. குளித்து முடித்தேன். நானே துடைத்தேன். நைட்டியை மாட்ட வெகுநேரம் ஆனது. வலித்தது, ஆனாலும் நானே மாட்டினேன். கதவைத் திறந்தால் அவர் வாசலில் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். “எழும்புங்க, ஈரமாக்கும்” என்றேன். நன்றி என்று ஆண்டவரிடம் சொன்னதுகூட அன்று மாலைதான்.

இன்றைக்கும் இடது கையில் இரண்டு விரல் கோணியபடிதான் இருக்கின்றன. அவை நிமிராது. மழைக்கால நாட்களில் எழுந்திருக்கத் தாமதமாகும். இந்த ஊசி இன்னும் எவ்வளவு காலம் கேட்கும் என்று டாக்டரம்மாவுக்கும் தெரியாது. நாளைக்கே கேட்காமல் போகலாம். அந்தப் பயம் என்னோடுதான் படுத்து எழுந்திருக்கிறது. ஆனால் நான் கேட்ட ஒன்றை என் தேவன் எனக்குத் தந்தார். டாக்டரம்மாவின் படிப்பைக் கொண்டும், என் வீட்டுக்காரரின் நடுங்குகிற கையைக் கொண்டும் தந்தார். இதில் எது மருந்து, எது ஜெபம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்கவும் எனக்கு விருப்பமில்லை.

சாட்சியை வாசிக்கிற உங்களில் யாரோ ஒருவர் மாத்திரையை ஒளித்து வைத்துக்கொண்டு, சுகமானவர் மாதிரிச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். யாருக்குச் சுகம் இல்லை என்று ஆண்டவருக்கு யாரும் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. ஜெபியுங்கள். மருந்தையும் நிறுத்தாதீர்கள். நம்பிக்கை இல்லாத நாளில் உங்களுக்குப் பதிலாக வேறு யாராவது நம்பட்டும், அதற்குத்தானே சபை? எனக்கு அப்படித்தான் நடந்தது.

நான் இப்போது மறுபடி கோவிலுக்குப் போகிறேன். கீழே உட்கார முடியாது, பின்னால் சுவரோரம் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் இன்னொரு நாற்காலியும் போடச் சொல்லியிருக்கிறேன். உடம்பு முடியாதவர்கள் யாராக இருந்தாலும் வந்து உட்காருங்கள். எல்லோரும் முழங்கால் போடுகிற நேரத்தில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்தபடியே ஜெபித்துக்கொள்வோம்.